நார்த்விச் என்னும் உப்பு ஊர்: கால்வாய் பார்க்கப் போகிறவர் எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி: அளத்துக்கணக்கர், தூத்துக்குடி

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடி உப்பளங்களில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். மகள் மான்செஸ்டரில் வேலையில் இருக்கிறாள். வருகிற மே மாதம் ஆறு வாரம் அவளுடன் தங்கப் போகிறேன். "உங்களுக்கென்றே ஓர் ஊர் இங்கே இருக்கிறது, அப்பா" என்று சொல்லி, ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் உள்ள நார்த்விச்சின் படங்கள் சிலவற்றை அனுப்பியிருந்தாள்.

ஒரு படத்தில் ஆற்றங்கரையில் இரும்பால் ஆன மாபெரும் கூடு ஒன்று நிற்கிறது. அதற்குள் ஒரு படகு, தண்ணீரோடு சேர்த்துத் தூக்கி வைத்ததுபோல, உயரத்தில் நிற்கிறது. இன்னொன்று நூறு ஆண்டுக்கும் முந்தைய படம். இரண்டு மாடிக் கடை ஒன்று தெருவுக்குள் புதைந்து பக்கவாட்டில் சாய்ந்திருக்க, அதன் முன்னால் தொப்பி அணிந்த ஆண்கள் சிலர் எந்தப் பதற்றமும் இல்லாமல் படத்துக்கு நிற்கிறார்கள். அந்த நிதானம்தான் என்னை இரண்டு நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. கட்டடம் அமிழ்வது அந்த மக்களுக்கு அவ்வளவு வழக்கமான செய்தியாக இருந்ததா?

கடலிலிருந்து விலகி உள்ளே இருக்கும் ஊரில், வெயிலும் சரியாக அடிக்காத நாட்டில், உப்பு எப்படி விளைந்தது? ஆறு ஓடும் ஊருக்குக் கால்வாய் எதற்கு? அந்தக் கால்வாய் ஆற்றைவிட 15 மீட்டர் உயரத்தில் போகிறது என்று மகள் சொல்கிறாள். அப்படியானால் வழக்கம்போல் லாக் (கதவடைத்து நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் அறை) கட்டிப் படகுகளை இறக்காமல் அந்த இரும்புக் கூட்டை எதற்காகக் கட்டினார்கள்? ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும் என்றால் எதை விடாமல் பார்க்க வேண்டும்? அங்கே இருப்பவர்களோ, இருந்தவர்களோ சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: வீவர்க்கரையான்

ஐயா, வணக்கம். நார்த்விச்சில் பதினோராவது ஆண்டாக வசிக்கிறேன், கட்டுமானப் பொறியாளன். உங்களைப் போன்ற ஒருவர் இந்த ஊரைப் பார்க்க வருகிறார் என்பதே எனக்கு மகிழ்ச்சி. இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் படகுத் தூக்கியைப் படம் பிடித்துக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உப்பைத் தெரிந்தவர் வந்தால்தான் இந்த ஊர் பேசும்.

முதலில் தரைக்கு அடியில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நார்த்விச் இருக்கும் செஷயர் மாவட்டத்தின் சமவெளி இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஆழமற்ற உப்பு நீர் பரவி வற்றிய நிலம். அப்படிப் படிந்த உப்பு இன்று கல்லாக இறுகி, களிமண் பாறைக்குக் கீழே, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பெரிய அடுக்குகளாகக் கிடக்கிறது. நிலத்தடி நீர் மேலடுக்கின் தலையை வருடிக்கொண்டே ஓடுவதால் அந்த நீர் உப்பில் ஊறி முழுச் செறிவை எட்டிவிடுகிறது. கடல்நீரில் உப்பு நூற்றுக்கு மூன்றரைப் பங்கு. இங்கே ஊற்றெடுக்கும் உவர்நீரில் ஏறத்தாழ இருபத்தாறு பங்கு. தெப்பத்திலும் பாத்தியிலும் வாரக்கணக்கில் வெயில் செய்கிற வேலையை இங்கே தரையே செய்து கொடுத்துவிட்டது. மிச்ச நீரை ஆவியாக்க அடுப்பு மூட்டினால் போதும். ரோமானியர்களே இங்கே உப்புக் காய்ச்சியிருக்கிறார்கள். நார்த்விச், மிடில்விச், நான்ட்விச் என்று 'விச்' என முடியும் மூன்று ஊர்களும் உப்பு ஊர்கள்தான்.

1670-இல் ஊருக்கு வடக்கே மார்பரியில் நிலக்கரி தேடித் துளையிட்டவர்கள் பாறை உப்பைக் கண்டார்கள். கரி கிடைக்கவில்லை, உப்பு கிடைத்தது. இந்த வட்டாரத்தின் பிற்கால வரலாறு முழுவதும் இந்த ஒரு குறையிலிருந்து கிளம்புகிறது என்பது என் கருத்து. உப்புக் காய்ச்சக் கரி வேண்டும். கரி லங்காஷயரில் இருக்கிறது. உப்பு விற்கத் துறைமுகம் வேண்டும். அது லிவர்பூலில் இருக்கிறது. ஆக, கனமான இரண்டு சரக்குகள் எதிரெதிர்த் திசையில் ஓயாமல் போய்வர வேண்டியிருந்தது. அக்காலத்துச் சேற்றுப் பாதையில் பொதிக்குதிரையால் அது நடக்காது. அதனால் 1721-இல் நாடாளுமன்றத்தில் சட்டம் பெற்று வீவர் ஆற்றைச் சீர்படுத்தினார்கள். 1732-இல் பெரிய படகுகள் வின்ஸ்ஃபோர்ட் வரை வந்துவிட்டன.

அப்படியானால் கால்வாய் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். கால்வாய் நார்த்விச்சுக்காக வெட்டப்பட்டதன்று. தெற்கே ஸ்டாஃபோர்ட்ஷயரில் பீங்கான் செய்தவர்களுக்கு, குறிப்பாக ஜோசையா வெட்ஜ்வுட்டுக்கு, கார்ன்வாலின் வெள்ளைக் களிமண் உடையாமல் கொட்டாமல் வந்து சேரவும், செய்த கோப்பைகள் நொறுங்காமல் துறைமுகம் போகவும் ஒரு நீர்வழி தேவைப்பட்டது. 1766-இல் அனுமதி பெற்று, ஜேம்ஸ் பிரிண்ட்லி திட்டமிட்டு, அவர் 1772-இல் இறந்தபின் மைத்துனர் ஹியூ ஹென்ஷால் பொறுப்பேற்று, 1777-இல் முடித்த 150 கிலோமீட்டர் நீளக் கால்வாய் அது. டிரென்ட் ஆற்றையும் மெர்சி ஆற்றையும் இணைப்பதால் டிரென்ட் அன்ட் மெர்சி கால்வாய் என்று பெயர். அது நார்த்விச் நகருக்குள் நுழையாமல், வடக்கே மேட்டோடு வளைந்து, மார்ஸ்டன் வழியாக ஆண்டர்டனுக்கு வருகிறது. ஆண்டர்டனில் கால்வாயும் ஆறும் கூப்பிடு தூரத்தில் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. இடையில் ஐம்பது அடிப் பள்ளம்.

இரண்டு நீர்வழிகளும் சந்திக்காதவரை ஆண்டர்டனில் நடந்த வேலையை நினைத்துப் பாருங்கள். மேலே கால்வாய்ப் படகு வந்து நிற்கும். உப்பைச் சரிவுப் பலகை வழியாகக் கீழே நிற்கும் ஆற்றுப் படகில் கொட்டுவார்கள். உப்புக்கு அது சரி. களிமண்ணையும் பீங்கான் பெட்டிகளையும் அப்படிச் செய்ய முடியுமா? கைச்சுமையாக, பாரந்தூக்கி வைத்து, ஏற்றி இறக்கி, உடைந்ததைக் கழித்து, கூலி கொடுத்துத் தீரவில்லை. லாக் வரிசை கட்டியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு படகு இறங்கும்போதும் கால்வாயின் நீர் ஒரு லாக் அளவு ஆற்றுக்குப் போய்விடும். கால்வாய்க்காரர்களுக்குத் தண்ணீர்தான் முதல். மேலும் அந்தச் செங்குத்துச் சரிவில் லாக் வரிசைக்கு வேண்டிய நிலமும் இல்லை. அதனால் வீவர் நீர்வழியின் பொறியாளர் எட்வர்ட் லீடர் வில்லியம்ஸ் தூக்கி ஒன்றை முன்மொழிய, எட்வின் கிளார்க் அதை வடிவமைக்க, 1875-இல் ஆண்டர்டன் படகுத் தூக்கி இயங்கத் தொடங்கியது.

அதன் இயக்கத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை, பொறுத்துக்கொள்ளுங்கள். 75 அடி நீளமும் பதினைந்தரை அடி அகலமும் கொண்ட இரண்டு இரும்புத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒடுங்கிய கால்வாய்ப் படகுகள் இரண்டு அருகருகே நிற்கலாம். நீர் நிறைந்த தொட்டியின் எடை 252 டன். அதற்குள் படகு வந்தாலும் வராவிட்டாலும் எடை மாறாது. ஏனென்றால் மிதக்கும் படகு தன் எடைக்குச் சமமான நீரை வெளியே தள்ளிவிட்டுத்தான் உள்ளே வருகிறது. எனவே இரண்டு தொட்டிகளும் எப்போதும் தராசுத் தட்டுகள்போலச் சமம். ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் ஓர் உந்துதண்டு. இரண்டு உந்துதண்டுகளின் சிலிண்டர்களையும் ஒரு குழாய் இணைக்கிறது. கீழே உள்ள தொட்டியிலிருந்து ஆறு அங்குல நீரை மட்டும் வடித்துவிட்டால், கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 16 டன் குறைகிறது. மேலிருப்பது கனத்து இறங்கும். அது அழுத்தும் நீர் மற்றதை ஏற்றிவிடும். இறங்கும் தொட்டி ஆற்று நீரைத் தொட்டதும் அதன் கனம் குறைந்துவிடுவதால், கடைசிச் சில அடிகளுக்கு மட்டும் நீராவி இயந்திரத்தின் துணை தேவைப்பட்டது. கால்வாய் இழப்பது தொட்டியில் கழியும் அந்த ஆறு அங்குலம்தான். இதை முதல்முறை படத்தில் வரைந்து புரிந்துகொண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் உப்பு சும்மா விடவில்லை. சிலிண்டர்களில் கால்வாய் நீரையே பயன்படுத்தினார்கள். உப்பும் ஆலைக் கழிவும் கலந்த அந்த நீர் இரும்பை அரித்தது. 1882-இல் ஒரு சிலிண்டர் வெடித்துத் தொட்டி படகோடு கீழே இறங்கிவிட்டது. கசிந்த நீரும் கீழிருந்த நீரும் தாங்கியதால் எவருக்கும் காயமில்லை. 1908-இல் ஜான் ஆர்தர் சேனர் என்ற பொறியாளர், பழைய கூட்டுக்கு மேலும் வெளியிலும் புதிய இரும்புக் கால்களை நிறுத்தி, கப்பிகளும் எதிர்எடைகளும் வைத்து, மின்சாரத்தில் இயங்கும்படி மாற்றினார். நீங்கள் படத்தில் பார்த்த சிலந்திக்கால் தோற்றம் அந்த மாற்றத்தால் வந்தது. 1983-இல் துரு கண்டு மூடினார்கள். 2002-இல் மறுபடி திறந்தபோது மீண்டும் உந்துதண்டு முறைக்கே போனார்கள். இம்முறை நீருக்குப் பதில் எண்ணெய். மேலே நிற்கும் கப்பிகள் இப்போது காட்சிக்கு மட்டும். பழுதுபார்ப்புக்காகத் தூக்கியை நிறுத்தி வைக்கும் காலங்கள் உண்டு. ஆகவே வருவதற்கு முன் கால்வாய் அறக்கட்டளையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இயங்காவிட்டாலும் வாருங்கள், நின்ற நிலையிலேயே அது எல்லாவற்றையும் காட்டிவிடும்.

அமிழ்ந்த கடையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அலுவல் முடிந்து இரவு எழுதுகிறேன்.

மறுமொழி: ஹூக்ளிக்கரை

அருமையான இழை. லிவர்பூலிலிருந்து அந்த உப்பு எங்கே போயிற்று என்பதை மட்டும் நான் சேர்க்கிறேன். அதில் கணிசமான பகுதி இந்தியாவுக்கு வந்தது. வந்து இறங்கிய இடம் கல்கத்தா.

வங்காளத்தில் மேதினிபூர்க் கடலோரத்திலும் சுந்தரவனத்தை ஒட்டியும் மலங்கிகள் எனப்பட்ட தொழிலாளர்கள் உவர்மண்ணைக் கரைத்து வடித்து, விறகில் காய்ச்சி உப்பு எடுத்துவந்தார்கள். கிழக்கிந்திய கம்பெனி அதைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டு விலையேற்றி விற்றது. அப்படி ஏறிய விலைதான் செஷயர் முதலாளிகளுக்குக் கதவைத் திறந்தது. சணலும் தானியமும் ஏற்றிச் செல்ல லிவர்பூலிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த கப்பல்களுக்கு எடை சமன்படுத்தச் சரக்கு தேவை என்பதால் உப்புக்குக் கப்பல் கூலி மிகக் குறைவு. செஷயர் உப்பு வணிகர்கள் இந்தியச் சந்தையைத் திறக்கக் கோரி நாடாளுமன்றத்தில் ஓயாமல் வற்புறுத்தினார்கள். 1860-களில் வங்காளத்தில் அரசு உப்புக் காய்ச்சுவதையே கைவிட்டது. வெள்ளையாகவும் பொடியாகவும் வந்த 'லிவர்பூல் உப்பு' வங்காள வீடுகளில் நிலைத்துவிட்டது. மலங்கிகளின் அடுப்புகள் அணைந்தன.

கணக்கர் ஐயா நார்த்விச் கரையில் நிற்கும்போது, அந்தப் படகுகளில் போன சரக்கால் தொழிலிழந்தவர்களும் நம் நாட்டில் உப்புக் காய்ச்சியவர்களே என்பதை நினைத்துக்கொள்ள வேண்டுமென்று விரும்புகிறேன். காந்தியடிகள் தண்டிக்கு நடந்ததும், ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததும் இந்த உப்பு அரசியலின் தொடர்ச்சிதான்.

மறுமொழி: வீவர்க்கரையான்

ஹூக்ளிக்கரை அவர்களுக்கு நன்றி. ஒரு சிறு திருத்தம் மட்டும் செய்ய அனுமதியுங்கள். 1930 வாக்கில் வங்காளத்துக்கு வந்த உப்பில் ஏடனின் பங்கு பெரிதாகிவிட்டது. லிவர்பூலின் காலம் அதற்குள் சரிந்திருந்தது. சென்னை மாகாணமோ தன் கடலோர உப்பையே தின்றது. 1805-லிருந்து அங்கே அரசின் ஏகபோகம் இருந்தது, செஷயரின் ஆதிக்கம் இருந்ததில்லை. ஆகவே வேதாரண்யம் எதிர்த்தது உப்பு வரியையும் உப்புச் சட்டத்தையும்தான். செஷயர் உப்புக்கும் அதற்கும் நேர்க்கோடு போடுவது கணக்கர் ஐயாவை வழிதவறச் செய்யலாம். மலங்கிகளைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. இந்த ஊரில் அதைப் பேசுவோர் மிகக் குறைவு என்பது எனக்கும் வருத்தம்.

இனி அமிழ்ந்த கடை. பாறை உப்பு எடுத்தவர்கள் மேலடுக்கில் தூண்கள் விட்டுக் குடைந்தார்கள். தூண்களும் உப்பே. காலப்போக்கில் நீர் புகுந்த சுரங்கங்களைக் கைவிட்டார்கள். பிறகு, அந்த நீரே நல்ல உவர்நீர் ஆயிற்றே என்று அதை இறைத்துக் காய்ச்சத் தொடங்கினார்கள். இறைக்க இறைக்க நன்னீர் புகுந்தது. புகுந்த நீர் தூண்களைக் கரைத்தது. ஊரைத் தாங்கிய கால்களையே காய்ச்சி மூட்டை கட்டி விற்றார்கள் என்று சொன்னால் மிகையில்லை. 1880 டிசம்பர் 6 அன்று ஊருக்கு வடகிழக்கே நிலம் பெரிதாக உள்வாங்கியது. வின்சம் ஓடை பள்ளத்துக்குள் இறங்கியது. சுரங்கங்களில் அடைபட்ட காற்று நீரையும் சேற்றையும் பீறிட்டு எழுப்பியது.

யார் நட்டஈடு கொடுப்பது? இங்கேதான் அநியாயம். உவர்நீர் நிலத்தடியில் வெகுதூரம் ஓடிவருகிறது. ஒருவர் இங்கே இறைத்தால் இரண்டு மைல் தள்ளி இன்னொருவரின் வீடு அமிழும். என் வீட்டைச் சாய்த்தது இன்னாருடைய இறைப்பான்தான் என்று நீதிமன்றத்தில் காட்ட முடியாததால், கடைக்காரரும் குடியிருப்பவரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1891-இல் வந்த சட்டம், குற்றவாளி யார் என்று தேடாமல், வட்டாரத்தில் உவர்நீர் இறைப்போர் எல்லோரிடமும் பொதுவாகத் தீர்வை வாங்கி, நட்டமடைந்தவருக்குக் கொடுக்க வழி செய்தது. அந்த ஏற்பாட்டின் வாரிசாக ஒரு நட்டஈட்டு வாரியம் இன்றும் இருக்கிறது. நான் வீடு வாங்கியபோது, மின்சாரம், வடிகால் ஆவணங்களோடு சேர்த்து, அந்த மனைக்கு உவர்நீர்ப் பாதிப்புப் பதிவு ஏதும் உண்டா என்று தேடிய சான்றை வழக்கறிஞர் என் கையில் கொடுத்தார். ஒரு தாள்தான். அதைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் நான் எந்த ஊரில் குடியேறுகிறேன் என்பது எனக்கு உறைத்தது.

அளத்துக்கணக்கர், தூத்துக்குடி

வீவர்க்கரையான் தம்பிக்கும் ஹூக்ளிக்கரை ஐயாவுக்கும் மனமார்ந்த நன்றி. இருமுறை படித்தேன். எங்கள் பக்கத்திலும் கடல்நீருக்குப் பதிலாக ஆழ்துளைக் கிணற்று உவர்நீரை இறைத்துப் பாத்திக்கு விடுவது பல ஆண்டுகளாக நடக்கிறது. இங்கே அடியில் உப்புப் பாறை இல்லாததால் வீடுகள் தப்பின என்று இப்போது தோன்றுகிறது.

ஒன்று புரியவில்லை. அமிழ்ந்துகொண்டே இருந்த ஊரைவிட்டு மக்கள் ஏன் போகவில்லை? கட்டடங்களை எப்படிக் காப்பாற்றினார்கள்? இன்னொன்று, இன்று அந்த ஊர் எதை வைத்துப் பிழைக்கிறது?

மறுமொழி: வீவர்க்கரையான்

போகவில்லை, ஐயா, ஜாக்கி வைத்தார்கள். மழைநீர் உள்ளே வருகிறதென்று நம்மூரில் பழைய வீடுகளை ஜாக்கி வைத்து நான்கடி தூக்குகிறார்களே, அதே வித்தை. ஆனால் இங்கே கட்டடத்தைக் கட்டும்போதே அதற்கு இடம் வைத்துவிட்டார்கள். அடித்தளத்தில் உறுதியான சட்டம். அதன்மேல் மரச்சட்டத்தாலான இலகுவான சுவர்கள். இடைவெளிகளில் செங்கல் அல்லது பூச்சு. நிலம் இறங்கினால் சட்டத்துக்கு அடியில் ஜாக்கிகளை நுழைத்து, கட்டடத்தை மொத்தமாகத் தூக்கி, அடியில் இட்டு நிரப்பிவிடலாம். ஊர் நடுவில் கறுப்பு மரமும் வெள்ளைப் பூச்சுமாக நிற்கும் கட்டடங்களைப் பார்த்து ஐந்நூறு ஆண்டுப் பழமை என்று பலர் நினைக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுந்தவை. நூலகத்தைப் பாருங்கள்: 1885-இல் கட்டியது நிலம் இறங்கிப் பாழாகி, 1909-இல் மரச்சட்டத்தில் மறுபடி கட்டப்பட்டது.

வீவர் ஆற்றின் மேல் நகருக்குள் இருக்கும் இரண்டு பாலங்களையும் அவசியம் பாருங்கள். 1899-ஐ ஒட்டி, தூக்கியை மாற்றியமைத்த அதே சேனர் கட்டியவை. கப்பல் வந்தால் திரும்பி வழிவிடும் பாலங்கள். மின்சாரத்தால் திரும்பியவற்றில் பிரிட்டனிலேயே மிகப் பழையவற்றுள் சேர்ந்தவை. நிலத்தை நம்ப முடியாததால் பாலத்தின் எடையில் பெரும்பகுதியை நீருக்குள் அமிழ்த்திய மிதவைத் தொட்டி தாங்குகிறது. நிலம் கைவிட்ட ஊரில் நீரின் மேல் பாரத்தை வைத்த அந்த மனிதரை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஊர் நடுவின் சரிவு அபாயத்தை அடக்கியது மிக அண்மையில்தான். ஊர் நடுவுக்கு அடியில் நான்கு சுரங்கங்கள் உவர்நீரோடு காலியாகக் கிடந்தன. 2004 முதல் 2007 வரை, அனல்மின் நிலையச் சாம்பலோடு சிமென்ட் கலந்த கூழை உள்ளே செலுத்தி, உவர்நீரை வெளியேற்றி, அவற்றை நிரப்பினார்கள். தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பலைப் பார்த்த கண்ணுக்கு அந்தப் பொருள் புதிதல்ல.

மறுமொழி: சோடாக்காரி

கணக்கர் ஐயாவின் இரண்டாவது கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். வேதிப்பொறியாளராக இந்த வட்டாரத்தில் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன்.

1873-இல் ஜான் பிரன்னரும் லுட்விக் மோண்டும் ஊரை ஒட்டிய வின்னிங்டனில் சோடா ஆலை தொடங்கினார்கள். உவர்நீரில் அம்மோனியாவைக் கரைத்து, சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு வரும் கரியமில வாயுவை அதில் செலுத்தினால் சோடா படியும். கண்ணாடிக்கும் சோப்புக்கும் சலவைக்கும் அது வேண்டும். உவர்நீர் காலடியில், சுண்ணாம்புக்கல் பக்கத்து டெர்பிஷயரில், ஆறு வாசலில். அதைவிட வாகான இடம் கிடைக்காது. 1926-இல் பிரன்னர் மோண்ட் உட்பட நான்கு நிறுவனங்கள் சேர்ந்து ஐசிஐ என்ற பெரிய வேதிப்பொருள் நிறுவனம் ஆயின.

வின்னிங்டன் ஆய்வுக்கூடத்தில் 1933 மார்ச் 27 அன்று எரிக் ஃபாசெட்டும் ரெஜினால்ட் கிப்சனும் எத்திலீனையும் பென்சால்டிஹைடையும் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 1,900 மடங்கு அழுத்தத்தில் சேர்க்கப் பார்த்தார்கள். எதிர்பார்த்தது நடக்கவில்லை, கலத்தின் சுவரில் மெழுகுபோல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அதுதான் பாலித்தீன். 1935-இல் அதை மீண்டும் செய்ய முடிந்தது. 1939-இல் ஆலையில் உற்பத்தி. போர்க்காலத்தில் ரேடார் கம்பிகளுக்கு உறை. உங்கள் அளத்து உப்பைக் கடைக்கு அனுப்பும் ஒரு கிலோ உறை பிறந்த ஊரைத்தான் பார்க்கப் போகிறீர்கள், ஐயா.

இன்றைய நிலை சொல்ல மனம் கனக்கிறது. 2006-இல் பிரன்னர் மோண்டை டாட்டா கெமிக்கல்ஸ் வாங்கியது. சில ஆண்டுகளில் மிடில்விச் உப்பாலையும் டாட்டாவிடம் வந்தது. ஒரு காலத்தில் வங்காளத்துக்கு உப்பு விற்ற வட்டாரத்தின் உப்பு இப்போது இந்திய நிறுவனத்தின் கையில். ஆனால் வின்னிங்டனில் சோடா உற்பத்தி 2014-இல் நின்றது. பக்கத்திலுள்ள லாஸ்டாக் ஆலையில் 2025 தொடக்கத்தில் நின்றது. நூற்றைம்பது ஆண்டுத் தொழில். அப்பா, தாத்தா என்று மூன்று தலைமுறை அதே வாயிலில் நுழைந்தவர்களை எனக்குத் தெரியும். மிடில்விச்சில் உப்பு தொடர்கிறது. வின்ஸ்ஃபோர்டில் 1844-இல் தொடங்கிய பாறை உப்புச் சுரங்கம் இன்றும் குளிர்காலச் சாலைகளுக்கு உப்பு தருகிறது. குடைந்தெடுத்த இடத்தில் பழைய ஆவணங்களைக் காப்புக்கு வைக்கிறார்கள். ஈரமே இல்லாத இடம். நார்த்விச்சில் இருப்போரில் பலர் வேலைக்கு மான்செஸ்டர், வாரிங்டன் பக்கம் போய்வருகிறார்கள்.

ஒரு வேண்டுகோள். நிலம் உள்வாங்கி உண்டான ஏரிகளில் இரண்டு, ஆஷ்டன், நியூமன் என்ற பெயர்களில், ஊருக்கு வடக்கே இருக்கின்றன. அவற்றில் ஆலையின் சுண்ணாம்புச் சேற்றைப் பல ஆண்டுகள் கொட்டினார்கள். கொட்டுவது நின்றபின், சுற்றிலும் எங்கும் வளராத சுண்ணாம்பு விரும்பும் செடிகள் அங்கே வந்தன. ஜூனில் ஆர்க்கிட் பூக்கும். கரையில் குனிந்து மண்ணைத் தொட்டுப் பாருங்கள். சுவரிலிருந்து உதிர்ந்த பழைய சுண்ணாம்புபோல விரலில் வெள்ளையாக ஒட்டும்.

மறுமொழி: வீவர்க்கரையான்

வழியைச் சொல்லி முடிக்கிறேன். படகுத் தூக்கியிலிருந்து தொடங்க வேண்டாம்; உப்பிலிருந்து தொடங்குங்கள். ரயில் நிலையத்திலிருந்து மார்ஸ்டனில் உள்ள லயன் உப்பாலைக்கு வாடகைக் காரில் பத்து நிமிடம். பிரிட்டனில் திறந்த வாணலியில் உப்புக் காய்ச்சிய கடைசி ஆலைகளில் ஒன்று. 1986-இல் நின்று, 2015-இல் அருங்காட்சியகமாயிற்று. தளதளவெனக் கொதிக்கவிட்டால் பொடி உப்பு, சூட்டைத் தணித்துப் பல நாள் விட்டால் மீனுக்கான பெருங்கல் உப்பு என்று ஒரே உவர்நீரிலிருந்து இரண்டையும் எடுத்த வித்தையை அங்கே காட்டுகிறார்கள். மரத்தொட்டியில் அடித்து வார்த்த உப்புக் கட்டியின் ஓரங்கள் செங்கல்போலக் கூராக இருக்கும். கூரைச் சட்டங்கள் உப்பில் ஊறி நரைத்திருப்பதையும், இரும்பு ஆணிகள் கரைந்து போன துளைகளையும் பாருங்கள். உங்கள் உப்புக் கிடங்குக் கதவுகள் நினைவுக்கு வரும். திங்களன்று போகாதீர்கள், பூட்டியிருக்கக்கூடும்.

ஆலை வாசலே கால்வாய்க்கரை. அங்கிருந்து மேற்கே, குதிரைகள் படகிழுத்த இழுபாதையில் நடங்கள். நீங்கள் நடக்கும் வாய்க்கால்கூட ஓரிடத்தில் 1958-இல் புதிதாக வெட்டியது. பழைய தடம் நிலச்சரிவுக்குப் பலியானது. மார்பரிக் காட்டை ஒட்டி ஒரு மணி நேரம் நடந்தால் ஆண்டர்டன். கால் தாங்கினால் இன்னும் கொஞ்சம் மேற்கே பார்ன்டன் சுரங்கம் வரை போகலாம். 1770-களில் தோண்டியது, நேராகக்கூட இல்லை. உள்ளே குதிரைக்கு வழி கிடையாது. குதிரையை மலைமேல் நடத்திவிட்டு, படகுக்காரர்கள் பலகையில் மல்லாந்து படுத்துச் சுவரைக் காலால் உதைத்து உதைத்துப் படகைத் தள்ளினார்கள். திரும்பும்போது ஆற்றங்கரைப் பாதையில் நகருக்கு வந்து, பாலங்களைப் பார்த்துவிட்டு நிலையம் சேரலாம். ரயில் பெரும்பாலும் மணிக்கு ஒன்றுதான்.

அளத்துக்கணக்கர், தூத்துக்குடி

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். மகளுக்கு வியாழக்கிழமை விடுப்பு; திங்கள் பற்றிய கவலை இல்லை. மார்ஸ்டன் முதலில், தூக்கி பிறகு, பாலங்கள் கடைசி.

சோடாக்காரி அம்மா சொன்ன ஏரிக்கரைக்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறேன். ஆர்க்கிட் பூக்க ஜூன் ஆகும் என்கிறீர்கள். என் பயணச்சீட்டு ஜூன் 12 வரை இருக்கிறது. எனவே ஜூன் முதல் வாரத்துக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாமா, அல்லது அதற்கும் முன்பே பூத்துவிடுமா என்று மட்டும் சொல்லுங்கள்.

மறுமொழி: சோடாக்காரி

ஜூன் முதல் வாரமே வையுங்கள், ஐயா. பூ ஓரிரு நாள் முன்பின்னாக இருக்கலாம். பகல் நீளமாக இருக்கும், நடக்க அதுவே நல்ல காலம்.